கை தெரிகிற போன்

ஒரே ஒரு ஊர், அந்த ஊரில் ஒரே ஒரு கடைவீதி, அந்தக் கடைவீதியில் ஏழெட்டு செல்போன் கடை, அத்தனை கடைக்கும் சேர்த்து ஒரே ஒரு கேள்வி: “தம்பி, எந்தப் போன் நல்ல போன்?” எங்கள் தொழில் என்பது இந்தக் கேள்விக்குக் கடையில் நின்றுகொண்டு பதில் சொல்வது, வீட்டுக்குப் போனதும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அதையே உட்கார்ந்துகொண்டு சொல்வது.

இந்தப் பாடு உங்களுக்கும் தெரிந்ததுதான். போன் வாங்க வேண்டும் என்று நினைத்த நாளிலிருந்து ஒப்பீட்டு வீடியோவாகப் பார்த்து, இதற்கு பேட்டரி பெரிசு, அதற்கு கேமரா பெரிசு, இன்னொன்றுக்கு விலை பெரிசு என்று மனப்பாடம் செய்து, கடைசியில் மச்சான் வைத்திருக்கிற போனையே வாங்கிக்கொண்டு வந்திருப்பீர்கள். நானும் உங்களில் ஒருவன்தான், விற்கிற பக்கம் நிற்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். தாத்தாவும் அப்பத்தாவும் கதை சொல்லியே சோறு ஊட்டி வளர்த்த பிள்ளை என்பதால் எனக்குக் கேட்கத் தெரியும். உரக்கப் பேசத்தான் வராது. கம்பம் டவுனில் என்னை வேலைக்கு எடுத்த முதலாளிக்கு இன்றுவரை அதில் ஒரு மனக்குறை உண்டு.

சட்டைகளின் சண்டை

எங்கள் கடையில் கம்பெனிக்கு ஒரு ஆள் நிற்பான். சம்பளம் கம்பெனி கொடுக்கும், நிற்க இடம் கடை கொடுக்கும். நீலச் சட்டை, மஞ்சள் சட்டை, பச்சைச் சட்டை. நீலச் சட்டை கார்த்தி என் சேக்காளி. மத்தியானம் மூன்று சட்டையும் ஒரே பொட்டலத்தில் பரோட்டா பிய்த்துத் தின்னும். வாடிக்கையாளர் படி ஏறிவிட்டால் மூன்றும் பரம்பரைப் பகையாளி ஆகிவிடும். எனக்குக் கம்பெனி கிடையாது. கடை ஆள், கட்டம் போட்ட சொந்தச் சட்டை.

சுருளிப்பட்டியிலிருந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வந்தார். மஞ்சள் போன் சுடும் என்றான் கார்த்தி. பச்சைப் போனைத் திறந்தால் விளம்பரம் ஈ மாதிரி மொய்க்கும் என்றது மஞ்சள். நீலப் போன் ஒரு வருஷத்தில் கிழடு தட்டிவிடும் என்றது பச்சை. வருத்தம் என்னவென்றால் மூன்று பேரும் சொன்னது நிஜம். தோட்டக்காரர் மூவரையும் முழுசாகக் கேட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலாளியிடம் சொன்னார்: “இங்கன எந்தச் சட்டையும் போடாத ஆளு யாரும் இருக்காகளா? நான் அவுககிட்டப் பேசிக்கிறேன்.”

ஜீப்காரர் கேட்ட உத்தரவாதம்

கூடலூரிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பொம்பளையாட்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்காரர் ஒருவர். இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று பேர் தெரியாத கம்பெனிப் போன் ஒன்றை வாங்கி, ஆறு மாதத்தில் திரை கறுத்துப்போய் நின்றார். அதைச் சரிசெய்ய எங்கே போவது என்று யாருக்கும் தெரியவில்லை. தேனிக்குப் போனால் மதுரைக்குப் போ என்றார்களாம், மதுரையில் பெட்டியில் போட்டு அனுப்பு என்றார்களாம்.

நான் அவருக்குப் போன்களை வரிசையாக வைத்து, எது எத்தனை வருஷம் உழைக்கும் என்று என்னால் முடிந்தவரை விளக்கினேன். அவர் போன்களைப் பார்க்கவே இல்லை. எந்தக் கம்பெனிக்குப் பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அல்லிநகரத்தில் இன்ன கம்பெனிக்கு இருக்கிறது என்றேன். உடனே அதைக் கட்டச் சொல்லிவிட்டார். கேமராவையாவது ஒரு தடவை பாருங்களேன் என்றேன். “போன் கெடாம இருக்கணும்னு நான் கேக்கல தம்பி. கெட்டா எந்த வாசல்ல போயி நின்னு சத்தம் போடணும்னு தெரியணும், அம்புட்டுத்தான்.”

மூஞ்சியை வைத்து என்ன செய்வது

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் மூன்று பேர் வந்தார்கள். அனுமந்தன்பட்டி. ஜெயந்தி அக்கா, அவர் வீட்டுக்காரர் பாண்டி அண்ணன், ஜெயந்தி அக்காவின் கூடப்பிறந்த மூத்தவர் வசந்தி அக்கா. நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்: ஸ்பீக்கர் ரெண்டு பக்கமும் இருக்கு, பாட்டு கணீர்னு கேக்கும். ஜெயந்தி அக்கா என் உதட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசி முடிக்கும்வரை விட்டுவிட்டு, வசந்தி அக்கா நிதானமாகச் சொன்னார், தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் கிடையாது, கைதான் பேச்சு என்று.

பாண்டி அண்ணன் வெல்டிங் வேலைக்காரர். கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் செய்கிற ஒரு கம்பெனியில் இவர்களைப் போன்றவர்களை வேலைக்கு எடுக்கிறார்கள். நல்ல சம்பளம், தங்குவதற்கு அறையும் உண்டு, ஆனால் ஆண்களுக்கு மட்டும். ஜெயந்தி அக்கா கூடப் போக முடியாது, மாமியார் படுத்த படுக்கை. வீட்டில் ஏழெட்டு நாள் கை ஓயாமல் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அங்கேயிருந்து பாண்டி அண்ணன் பேசினால் இங்கே ஒரு விரல் தப்பாமல் தெரிகிற போன் கிடைத்தால் அவர் போகலாம். கிடைக்காவிட்டால் உள்ளூர் பட்டறையே போதும். தெரிகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியது ஜெயந்தி அக்கா. வீடியோ கால் எல்லாப் போனிலும் தெரியுமே என்றேன். ஜெயந்தி அக்கா கையை ஆட்டினார், வசந்தி அக்கா எனக்குச் சொன்னார்: “இப்ப இருக்குற போன்ல மூஞ்சி தெரியுதாம். மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுன்னு கேக்குறா.”

பவுடர் பூசிய விரல்கள்

சோதிக்கிற போன் பாண்டி அண்ணன் கையில். ரோட்டுக்கு எதிர்ப்புறம் டீக்கடை ஓரமாக அவர் நின்று பேசுவார், ஜெயந்தி அக்கா கடைக்குள் இருந்து எங்கள் போனில் பார்ப்பார். இதுதான் ஏற்பாடு.

முதலில் கார்த்தியின் நீலப் போன். படம் வந்ததும் கார்த்தி பெருமையாக என்னைப் பார்த்தான். பாண்டி அண்ணன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெளுத்துப் போயிருந்தார். அந்தப் போன் முகத்தை அழகாக்குகிறேன் என்று தோலையெல்லாம் வழித்துவிடும். முகத்தோடு நிற்கவில்லை, விரல்களையும் வழித்துவிட்டது. அஞ்சு விரலும் சேர்ந்து பிசைந்த மாவு உருண்டை மாதிரி ஆடியது. அந்த அழகை நிறுத்தினோம், அப்போதும் பாதிதான் நின்றது. மஞ்சள் போனில் கை வேகமாகப் போனால் பின்னாலேயே இன்னொரு கை நிழலாக வந்தது. பச்சைப் போன் தெளிவுதான், ஆனால் முகத்துக்கு மட்டும்தான் இடம். இவர்கள் பேச்சுக்குத் தலையிலிருந்து இடுப்புவரை வேண்டும். போனை டீக்கடை பெஞ்சில் சாய்த்துவிட்டு, கை தெரியட்டும் என்று பாண்டி அண்ணன் பின்னால் பின்னால் போய்ச் சாக்கடையில் ஒரு காலை விட்டார். டீ மாஸ்டர் போட்ட சத்தம் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரைத் தவிர எல்லாருக்கும் கேட்டது.

ஜெயந்தி அக்கா ஒரு விரலை லேசாக அசைத்தார். வசந்தி அக்கா பேச ஆரம்பித்தார்: இந்தப் போனையெல்லாம் செய்தவன் கையைக் கட்டிக்கொண்டு வளர்ந்தவனாக இருப்பான், இதை வாங்குகிறதுக்கு ஒரு கண்ணாடித் துண்டை வாங்கி மலையில் நின்று வெயிலடித்துக் காட்டலாம், இன்னும் என்னென்னவோ. ஜெயந்தி அக்கா அவர் உதட்டைப் படித்துவிட்டு முந்தானையைப் பிடித்து இழுத்தார். வசந்தி அக்கா கொஞ்சமும் அசரவில்லை. “நான் வேணாம்னு மட்டும்தான் சொன்னேங்குறா. அவ சொல்லாததையும் சேத்துச் சொல்லத்தான் கூட்டிட்டு வந்துருக்கா, அது அவளுக்கே தெரியாது.”

விரலால் வைத்த பெயர்கள்

அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை வந்தார்கள். புதிய மாடல் வந்தால் நானே வசந்தி அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். கம்பெனிப் பெயர்களை ஒவ்வொரு எழுத்தாகக் கையில் போடுவது அவர்களுக்குச் சள்ளை. அதனால் ஜெயந்தி அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார். நீலத்துக்குக் கன்னத்தில் பவுடர் ஒற்றுவது. சுடுகிற மஞ்சளுக்கு விரல்நுனியை ஊதுவது. விளம்பரம் மொய்க்கிற பச்சைக்கு ஈ ஓட்டுவது. கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிற விலை உயர்ந்த போனுக்குக் காதுத் தோட்டைக் கழற்றுவது. அதை அடகு வைத்தால்தான் இது வரும் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வீடியோவில் ஒரு மணி நேரம் ஒப்பிடுகிறவர்கள் சொல்வதை அவர் மூச்சு விடும் நேரத்தில் சொல்லிவிட்டார். எனக்கும் ஒரு பெயர் உண்டு, உதட்டை ரெண்டு விரலால் கிள்ளிப் பிடிப்பது. பேசும்போது என் உதடு அசைவதில்லையாம்.

இத்தனை சிரிப்புக்கும் நடுவில் ஒன்றைக் கவனித்தேன். ‘வேணாம்’ வர வர சீக்கிரம் வந்தது. எதிர்ப்புறம் பாண்டி அண்ணன் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் இங்கே விரல் ஆடிவிடும். அக்காவுக்கு அவரை அனுப்ப மனசில்லையோ என்று தோன்றியது. அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். போனைத் துடைத்துக் கார்த்தியிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். அவர்கள் போனபின் கார்த்தி தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு சொன்னான்: “ஏலே, எங்க கம்பெனி பேரை மனசுல நிக்க வைக்க எம்புட்டுச் செலவு பண்றாக. இந்த அக்கா ரெண்டு ஒத்து ஒத்துச்சு, இப்ப எனக்கே எங்க கம்பெனி பேரு பவுடர்னுதான் வாயில வருது.”

சட்டை இல்லாத கம்பெனி

எனக்கு அது ஒரு பிடிவாதமாகிவிட்டது. அந்த வேலையை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. கடை சும்மா இருக்கிற நேரமெல்லாம் ஒவ்வொரு போனாகச் சாய்த்து வைத்து, முன்னால் நின்று என் கையை நானே ஆட்டிப் பார்த்தேன். மேல் அலமாரியில் ஒரு பெட்டி கிடந்தது. அந்தக் கம்பெனி எங்கள் ஊரிலிருந்து தன் ஆளை எடுத்துவிட்டது. சட்டை போட்டு நின்று சொல்ல ஆள் இல்லாததால் ஒருவரும் கேட்கவில்லை. அதன் முன்கேமராவில் தலையிலிருந்து இடுப்புவரை தாராளமாக விழுந்தது. சாயங்கால வெளிச்சத்திலும் விரல் விரலாக நின்றது. வழிக்கவில்லை, நிழல் வரவில்லை, படம் தேங்கவில்லை.

அடுத்து அவர்கள் வந்த அன்றைக்கு மழை வருகிற மாதிரி மூட்டமாக இருந்தது. பாண்டி அண்ணன் அந்தப் போனை டீக்கடை பிஸ்கட் பாட்டிலில் சாய்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். ஜெயந்தி அக்காவின் விரல் மேசைமேல் தயாராக இருந்தது. பாண்டி அண்ணன் முதலில் ஒரு விரலை லேசாக அசைத்தார். அப்புறம் முந்தானையைச் செருகுகிற மாதிரி செருகிக்கொண்டு, ரெண்டு கையையும் அகல விரித்து, வாயைக் கோணிக்கொண்டு என்னமோ நீளமாகச் செய்தார். ஜெயந்தி அக்கா சிரித்துவிட்டார். வாய்விட்டு, கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி. சிரித்து முடித்ததும்தான் தன் விரல் ஆடாமல் அப்படியே கிடந்ததைப் பார்த்தார். எதிர்ப்புறம் பாண்டி அண்ணன் கையைக் கீழே போட்டார்.

சிரித்த பிறகு தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது. எனக்கு அந்த இடம் தாங்கவில்லை, அண்ணன் என்னதான் சொன்னாக என்று வசந்தி அக்காவிடம் கேட்டேன். “எங்க மாப்பிள்ளையா? நான் மொழிபெயர்க்குற லட்சணத்தை நடிச்சுக் காட்டுனாக. அதையும் நானே என் வாயால மொழிபெயர்க்கணுமாக்கும்.”

நல்ல போன் யாருக்கு

அந்த மாடல் அந்த ஒன்றுதான் இருந்தது. மொத்த வியாபாரியிடம் கேட்டேன், நின்றுபோன மாடல், இனி வராது என்றார். ஆக ஒருவருக்கு அது, இன்னொருவருக்கு ஏதாவது ஒரு சாதாரணப் போன். பாண்டி அண்ணன் அதை ஜெயந்தி அக்காவின் பக்கம் தள்ளினார். ஜெயந்தி அக்கா திருப்பித் தள்ளினார். மறுபடி இவர், மறுபடி அவர். மேசைக் கண்ணாடியில் பெட்டி போவதும் வருவதுமாக இருந்தது. கைகள் வேகமாகப் பேசின. பாண்டி அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. புருஷன் பெண்டாட்டி என்றால் இப்படி விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

வசந்தி அக்கா என்னைப் பார்த்த பார்வையில் எனக்குப் புத்தி வந்தது. கேமரா நல்லதாக இருந்தால், அதை வைத்திருப்பவருக்கு என்ன லாபம். அவர் பேசுவது எதிராளிக்குத் தெளிவாகப் போகும், அவ்வளவுதான். ரெண்டு பேருக்கும் அடுத்தவர் பேச்சு தெளிவாகத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் நல்லதை அடுத்தவர் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். இத்தனை போன் விற்ற எனக்கு இது தோன்றியதே இல்லை. கடைசியில் ஜெயந்தி அக்கா பெட்டியைப் பிரித்து, போனை எடுத்து பாண்டி அண்ணன் சட்டைப் பையில் அவரே போட்டு, மேலே ஒரு தட்டும் தட்டிவிட்டார். வசந்தி அக்கா என் பக்கம் திரும்பினார்: “விட்டுக்கொடுக்குறாகளா? நீங்க ஒண்ணு. போனை அவுக பையில போட்டுட்டு, படத்தை இவ எடுத்துக்கிட்டா.”

பின்னால் இருந்த கைகள்

தீபாவளிக்கு முந்தின வாரம் கடையில் நிற்க இடமில்லை. ஜெயந்தி அக்காவும் வசந்தி அக்காவும் கூட்டம் குறையட்டும் என்று ஓரமாகக் காத்து நின்றார்கள். கையில் அந்தச் சாதாரணப் போன் இருந்தது. ரிப்பேராக்கும் என்று வாங்கிப் பார்த்தேன், ஒரு கோளாறும் இல்லை. கோயம்புத்தூர் போன அண்ணன் தினமும் பேசுகிறாரா என்று கேட்டேன். தினமும், சாயங்காலம், வேலை விட்டதும். படம்? படம் கண்ணாடி மாதிரி.

வசந்தி அக்கா இந்த முறை கூட்டிச் சொல்லவில்லை. சுருக்கமாகவே சொன்னார். பாண்டி அண்ணன் பேசுவது கம்பெனி அறையில். கட்டில் வரிசை, கூட இருப்பவர்கள் எல்லாருக்குமே கைதான் பேச்சு. கேமரா அகலமானது, அவருக்குப் பின்னால் இருக்கிற கட்டில்களும் சேர்ந்தே தெரியும். முந்தாநாள் அவர் முன்னால் உட்கார்ந்து, தீபாவளிக்கு லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்தால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பின்கட்டிலில் ஒருவர் இன்னொருவரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்: இவன் எங்கே லீவு கேட்டான், தீபாவளிக்கு வேலை செய்தால் ரெட்டைச் சம்பளம் என்றதும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தவன் இவன்தானே. ஒரு விரல் தப்பாமல் தெரிந்திருக்கிறது. பாண்டி அண்ணனுக்கு முதுகுப் பக்கம் நடந்தது தெரியாது. ஜெயந்தி அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் அவர் நாளையிலிருந்து வெளியே நடைவழியில் நின்று பேசுவார், அங்கே வெளிச்சம் கிடையாது.

ஜெயந்தி அக்கா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். பாதி எனக்கே புரிந்தது. வசந்தி அக்கா மீதியைச் சொன்னார்: “இதைவிடக் கொஞ்சம் மங்கலாத் தெரியுற போன் ஏதாச்சும் இருக்கான்னு கேக்குறா தம்பி.”

உதட்டை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்: உங்க போனை மாத்தினா அண்ணன் கையும் சேர்ந்து மங்கிரும்க்கா. பின்னாடி மட்டும் மங்கலாக்க வழி இருக்கு, ஆனா அதை அண்ணன் போன்ல அண்ணன்தான் வைக்கணும். ஏன்னு கேப்பாக. ஜெயந்தி அக்கா தலையை ஆட்டினார். போனை முந்தானையில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, வசந்தி அக்கா செருப்பைத் தேடிப் போடுவதற்குக்கூட நிற்காமல் படி இறங்கினார்.

மூன்று சட்டைக்கும் நடுவில் நின்ற இத்தனை காலத்தில் யாரும் குறை சொல்ல முடியாத போன் ஒன்றே ஒன்றுதான் நான் தேடிக் கொடுத்தேன், அதை வாங்கிய அக்காதான் மங்கலான ஒன்று கிடைக்காமல் தீபாவளிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்து போனார்.